பொத்தேரி முதல் பூஞ்சேரி வரை

தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டியில் கூடுவாஞ்சேரியைக் கடந்ததும் வரும் நிலையம் பொத்தேரி. பெயரிலேயே ஓர் ஏரியைத் தாங்கி நிற்கும் ஊர் இது. ஏரியை நம்பி நெல் விளைத்த இப்பகுதியில், அடுத்துள்ள காட்டாங்குளத்தூரில், 1985ஆம் ஆண்டு எஸ்.ஆர்.எம். பொறியியற் கல்லூரி தொடங்கப்பெற்றது. அது பல்கலைக்கழகமாக வளர வளர, பொத்தேரியும் தன் உருவை மாற்றிக்கொண்டது. இன்று அந்நிலையத்தின் மேடையில் கால்மணி நேரம் நின்றால் பாரத நாட்டின் பாதி மொழிகள் நம் செவியில் விழும். தெலுங்கு பேசும் மாணவர், இந்தி பேசும் மாணவர், வடகிழக்கு மலைநாடுகளிலிருந்து வந்த மாணவியர் ஒருபுறம். சுண்ணாம்பும் சிமெண்டும் படிந்த ஆடையோடு வேலை முடிந்து திரும்பும் பீகார், ஒரிசா, வங்காளத்துக் கட்டடத் தொழிலாளர் மறுபுறம்.

ஜி.எஸ்.டி. சாலை ஓரத்துத் தேநீர்க் கடையில் இவர்கள் எல்லாருக்கும் ஒரே பெயர்தான்: ‘இந்திக்காரன்’. தெலுங்கரும் இந்திக்காரன், மிசோரம் மாநிலத்து மாணவனும் இந்திக்காரன். மிசோ மொழிக்கும் இந்திக்கும் எவ்வளவு தொலைவோ, தமிழுக்கும் இந்திக்கும் அவ்வளவு தொலைவு என்பதைக் கடைக்காரருக்கு எடுத்துச் சொன்னோம். “அப்படியா சாமி?” என்று வியந்தவர், அடுத்த நொடியே, “அந்த இந்திக்காரத் தம்பிக்கு ஒரு டீ போடு” என்று பையனை ஏவினார். அவரிடம் வஞ்சகம் ஏதும் இல்லை. கடன் சொல்லித் தேநீர் குடிக்கும் வடநாட்டுத் தொழிலாளர் பலருடைய கணக்கு அவருடைய நோட்டில் இருந்தது. ஆனால் அதே கடையின் பலகையில் அமர்ந்திருந்த ஒருவர், அண்மையில் எங்கோ நடந்த சங்கிலிப் பறிப்பைப் பற்றிச் சொல்லி, “வடநாட்டான் வேலைதான், வேறே யார்?” என்று முடித்தபோது, மறுத்துப் பேச அங்கு ஒருவரும் இல்லை. கண்டவர் யார் என்று நாம் கேட்டோம். கண்டவர் எவரும் இல்லை.

பேச்சே ஒருவனைக் காட்டிக்கொடுக்கும் என்பது நமக்குப் புதிதன்று. தலைமைக் குருவின் முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்த பேதுருவைச் சூழ்ந்தவர்கள் அடையாளம் கண்டது அவர் முகத்தைக்கொண்டு அன்று. கலிலேயருக்கே உரிய அவருடைய பேச்சைக்கொண்டு. பொத்தேரியில் பேருந்து நடத்துநரிடம் பயணச்சீட்டுக் கேட்கும் போதும், வாடகைக்கு அறை தேடி வாசலில் நிற்கும் போதும் ஒரு பீகார் இளைஞன் வாய்திறந்த கணமே அவன்மேல் விழும் பார்வையை நாம் கண்டோம்.

இப்பார்வை எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. 2018ஆம் ஆண்டு, வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிப்போர் கூட்டம் கூட்டமாக வந்திறங்கியிருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி ஒன்று ஊர் ஊராகப் பரவிற்று. அவ்வாண்டு மே 9ஆம் நாள், திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில், சென்னையிலிருந்து குலதெய்வக் கோவிலைத் தேடி உறவினரோடு வந்த 65 வயது மூதாட்டி ஒருவர் வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். ஊரார் திரண்டு அடித்தே கொன்றனர். வடநாட்டாரைப் பற்றிய வதந்திக்குப் பலியானவர் தமிழ்ப் பாட்டி என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சு நடுங்குகிறது. அதே மாதத்தில் பழவேற்காட்டிலும் முன்பின் அறியாத ஒருவரை அடித்துக் கொன்றார்கள்.

ஐந்தாண்டு கழித்து, 2023 மார்ச்சில், வதந்தி எதிர்த்திசையில் ஓடிற்று. தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகக் காணொளிகள் வடக்கே பரவின. ஒன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர் தமக்குள்ளேயே இட்டுக்கொண்ட சண்டை. இன்னொன்று கோயம்புத்தூரில் உள்ளூரார் தமக்குள் மோதிக்கொண்டது என்று அப்போதைய காவல்துறைத் தலைமை இயக்குநர் சைலேந்திர பாபு விளக்கம் அளித்தார். பீகார் அரசு அனுப்பிய குழு நேரில் வந்து பார்த்துச் சென்றது. ஆயினும் அஞ்சிய தொழிலாளர் பலர் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினர். இங்கே நாம் ‘வடநாட்டான் திருடன்’ என்கிறோம். அங்கே அவர்கள் ‘தமிழன் அடிப்பவன்’ என்று நம்பினார்கள்.

‘முன்பின் தெரியாதவனை எப்படி நம்புவது?’ என்று சிலர் நம்மிடம் கேட்டதுண்டு. கேள்வியில் ஓரளவு நியாயம் இருப்பதுபோல் தோன்றலாம். ஆனால் பொத்தேரியிலிருந்து கடற்கரை வரை உள்ள ஏரிக்கரைகளிலும் புறம்போக்குகளிலும், நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே நமக்கு நன்கு தெரிந்த ஒரு மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் பேசுவது தமிழ். நம் வயலில் எலிவளை தோண்டி, வைக்கோற் புகையூதி எலி பிடித்து, நம் நெல்லைக் காத்தவர்கள். இருளர் என்னும் அப்பழங்குடியினரை அயலார் என்று எவரும் சொல்ல முடியாது. பொருள் ஒன்று காணாமற்போனால் ஊரின் கண்கள் முதலில் திரும்புவது அவர்கள் குடிசைகளை நோக்கித்தான். ஆகவே அறியாமையால் வருவது இந்த ஐயம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வழியில்லை. இதை நேரிற் கண்டு வரவே வண்டலூர் – கேளம்பாக்கம் சாலை வழியாகக் கடற்கரை நோக்கிப் புறப்பட்டோம்.

வழியில் கோவளத்தில் கார்மேல் அன்னையின் ஆலயத்தில் சற்றே இளைப்பாறினோம். ஜான் டி மாண்டி என்னும் போர்த்துக்கீசிய வணிகர் 1808ஆம் ஆண்டு எழுப்பிய ஆலயம் இது. கடலில் போவோருக்கும் கரையில் காத்திருப்போருக்கும் அன்னை துணைநிற்கும் இவ்விடத்தில், கட்டியவர் வேற்றுநாட்டார், வேற்றுமொழிக்காரர் என்பதை இன்று எவரும் நினைப்பதுகூட இல்லை.

கோவளத்துக்குத் தெற்கே திருவிடந்தையைக் கடந்தால் வடநெம்மேலி. 1976ஆம் ஆண்டு ரோமுலஸ் விட்டேக்கர் நிறுவிய முதலைப் பண்ணை அங்கே உள்ளது. அதன் வளாகத்தில் இருப்பதுதான் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம். முதலைகளைக் காண வருவோரின் கூட்டத்தில் நூற்றில் பத்துப் பேராவது இந்தச் சிறு கூடத்துக்குள் நுழைகிறார்களா என்பது ஐயமே.

சங்கம் பிறந்த கதை நாம் அறிய வேண்டியது. ஒரு காலத்தில் பாம்புத்தோல் வாணிகத்துக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்தவர்கள் இருளர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்கு விதிக்கப்பட்ட தடையும் அத்தொழிலுக்கு முற்றுப்புள்ளி வைத்தன. சட்டம் நல்லதுதான். ஆனால் தோலை விற்றுப் பணம் குவித்த வணிகர் வேறு தொழில் பார்த்துக்கொண்டார்கள். பிடித்துக் கொடுத்தவர்கள் அடுப்பில் பூனை உறங்கியது. அந்நிலையில் 1978ஆம் ஆண்டு, பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்துவிட்டு மீண்டும் காட்டில் விட்டுவிடும் முறையில், இருளர்களே உறுப்பினராக இச்சங்கம் அமைந்தது.

நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நால்வகைப் பாம்புகளே இங்கு கொண்டுவரப்படுகின்றன. ஒவ்வொன்றையும் மணல் பரப்பிய மட்பானையில் இட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்திருக்கிறார்கள். வரிசையாக நிற்கும் அப்பானைகளைப் பார்த்தால் பொங்கல் சந்தைதான் நினைவுக்கு வரும். ஏறத்தாழ நான்கு வாரத்தில் நான்கு முறை நஞ்சு எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி விட்டுவிடுகிறார்கள். மறுபடியும் அதே பாம்பு பிடிபட்டால் அடையாளத்தைக் கண்டு கொள்வார்கள். எடுத்த நஞ்சு உலர்த்தப்பட்டுத் தூளாகி மருந்து நிறுவனங்களுக்குச் செல்கிறது. அங்கே அதைச் சிறுகச் சிறுகக் குதிரைகளின் உடலில் செலுத்தி, அவற்றின் குருதியில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைக்கொண்டு பாம்புக்கடி மருந்து செய்கிறார்கள். நம் நாட்டில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் மாண்டதாக 2020இல் வெளியான ஆய்வு கணக்கிடுகிறது. மருந்து கிடைத்துப் பிழைத்தவர்கள் எத்தனையோ இலட்சம். நள்ளிரவில் அரசு மருத்துவமனையில் ஒரு காவலருடைய குழந்தைக்கு ஏற்றப்படும் அந்த மருந்துக்கு வேண்டிய நஞ்சு, சென்ற மாதம் ஓர் இருளர் எடுத்துக் கொடுத்ததாக இருக்கலாம்.

நஞ்சு எடுத்துக் காட்டிய முதியவரோடு உரையாடும் பேறு கிடைத்தது. பேச்சு ஊராரின் பாம்புக் கதைகள் பக்கம் திரும்பியது. சாரை நாகத்தின் துணை என்கிறார்கள். அவை வேறுவேறு இனம், இணைவதே இல்லை. மண்ணுளிப் பாம்பு நக்கினால் தொழுநோய் வரும் என்கிறார்கள்; அதற்கு நஞ்சே கிடையாது. கொம்பேறி மூக்கன் தான் கடித்தவனைச் சுடுகாட்டில் எரிப்பதை மரத்தின்மேல் ஏறிப் பார்க்குமாம். அதுவும் மனிதனைக் கொல்லும் பாம்பு அன்று. பாம்பு பழிவாங்கும் என்பதை 1979இல் வந்த ‘நீயா?’ போன்ற திரைப்படங்கள் ஊருக்கெல்லாம் பாடமாகவே நடத்திவிட்டன. “ஊரிலே சாரையையும் அடிக்கிறாங்க, நாகத்தையும் அடிக்கிறாங்க சாமி. நின்னு பாத்தாத்தானே எது எதுன்னு தெரியும்? பயந்தவன் நிக்கமாட்டான்” என்றார் அவர். சொல்லிவிட்டுப் பானையின் வாயை மறுபடியும் கட்டலானார்.

இவ்வினத்தாரின் திறமையை உலகம் அறியாமல் இல்லை. செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருளர் இருவரும் 2017 சனவரியில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அங்குச் சதுப்பு நிலங்களில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளை ஒழிக்க வழிதெரியாமல் அரசே திகைத்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரு மாதம் தேடியலைந்து பிடித்தவை 106. நம்மவர் இருவரும் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்தனர். 2023ஆம் ஆண்டு இவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

விருதுச் செய்தி வந்தபோது நாளேடுகளில் அவர்களைப் பற்றிப் படித்தவர்களே, வேறொரு நாள் அதே நாளேட்டில் ‘இருளர் இருவர் கைது’ என்னும் தலைப்பையும் படித்திருப்பார்கள். வேறு குலத்தார் திருடினால் ‘வாலிபர் கைது’. இருளரோ குறவரோ ஐயத்தின் பேரில் பிடிபட்டால் குலப்பெயரே தலைப்பாகிவிடுகிறது. இப்பழக்கத்துக்குச் சட்டமே ஒரு காலத்தில் துணைநின்றது. வெள்ளையராட்சியில் 1871ஆம் ஆண்டு இயற்றப்பட்ட குற்றப் பரம்பரையினர் சட்டம், முழுக் குலங்களையே பிறவிக் குற்றவாளிகள் என்று பட்டியலிட்டது. சென்னை மாகாணம் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் அது நீங்கியது. பட்டியல் கிழிக்கப்பட்டதே ஒழிய, அதைப் படித்துப் பழகிய கண்கள் மாறவில்லை.

1993ஆம் ஆண்டு, இன்றைய கடலூர் மாவட்டத்து முதனை என்னும் ஊரில் ராஜாக்கண்ணு என்னும் கூலித் தொழிலாளி நகைத் திருட்டு ஐயத்தின்பேரில் பிடித்துச் செல்லப்பட்டார். கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடியுண்டு மாண்ட அவரைத் ‘தப்பி ஓடிவிட்டார்’ என்றார்கள். அவருடைய மனைவி நீதிமன்றப் படியேறினார்; பின்னாளில் நீதிபதியான வழக்குரைஞர் சந்துரு அவருக்காக வாதாடினார். காவலர்கள் தண்டிக்கப்பட்டதை 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. இந்நிகழ்ச்சியை 2021இல் ‘ஜெய் பீம்’ என்னும் திரைப்படமாக எடுத்தபோது கதை நாயகரை இருளராகக் காட்டினர். உண்மையில் அவர் குறவர். ஓர் ஏழைக் குலத்துக்குப் பதில் இன்னொன்றை வைத்தாலும் பார்ப்போர்க்கு வேறுபாடு தெரியப் போவதில்லை என்று எண்ணினார்கள் போலும்.

அப்படத்தில் கொடிய காவல் அதிகாரியின் வீட்டு நாட்காட்டியில் வன்னியர் சமூகத்தின் அடையாளம் தெரிந்தது என்று பெருங்கிளர்ச்சி எழுந்தது. காட்சி மாற்றப்பட்டது, இயக்குநர் ஞானவேல் வருத்தம் தெரிவித்தார். ஒரு குலத்துக்கு நேர்ந்த அநீதியைக் காட்டவந்த படம் இன்னொரு குலத்துக்கு முத்திரை குத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டதை எண்ணிப் பார்க்க வேண்டும். நம் வாசகர்கள் அறிந்திருக்கமாட்டார்கள்: மெய்யான வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட உதவி ஆய்வாளர் தாங்கியிருந்தது, நாம் செவ்வாய்தோறும் மெழுகுதிரி ஏற்றி வேண்டிக்கொள்ளும் புனிதரின் பெயர். அதனால் கத்தோலிக்கர் எல்லாரும் கொடியர் என்று யாரேனும் எழுதியிருந்தால் நாம் வாளா இருந்திருப்போமா?

திரைப்படம் நம்மையும் விட்டுவைக்கவில்லை என்பது உண்மை. குட்டைப் பாவாடை அணிந்த ஸ்டெல்லா, எந்நேரமும் புட்டியும் கையுமாக இருக்கும் அவள் தந்தை, தமிழைக் கொச்சையாக்கிப் பேசும் பாதிரியார் என்று எத்தனை படங்கள்! அவற்றைக் கண்டு வருந்திக் கடிதம் எழுதிய குடும்பங்களை நாம் அறிவோம். அதே குடும்பங்கள், மணிமாலையும் கையுமாக ‘சாமியோவ்’ என்று இழுத்துப் பேசும் நரிக்குறவர் திரையில் வந்ததும் வயிறு குலுங்கச் சிரித்ததையும் அறிவோம்.

நமக்குத் தெரிந்த ஓர் ஊரில், பெயர் வேண்டாம், பங்குத் திருவிழா நாளன்று ஒரு குழந்தையின் வெள்ளிக் கொலுசு தொலைந்தது. தேர் சுற்றிவந்த தெருக்கோடியில் அப்போது இருளர் குடும்பம் ஒன்று குடிசை போட்டு, தோப்புக் காவலுக்கு இருந்தது. தேர் நிலைக்கு வருமுன்னே நாலைந்து பேர் அங்கே போய்ச் சட்டி பானைகளைக் கொட்டித் தேடிவிட்டார்கள். கொலுசு அங்கே இல்லை. பின்னரும் எங்கும் கிடைக்கவில்லை. மறுவாரம் அக்குடும்பம் ஊரைவிட்டே போய்விட்டது. போனதையே குற்றத்துக்குச் சான்றாகச் சொன்னவர்கள் உண்டு. அக்குடும்பத்தின் சிறுமி ஞாயிறுதோறும் மறைக்கல்வி வகுப்பின் சன்னலுக்கு வெளியே நின்று பாட்டுக் கேட்பாள் என்று ஆசிரியை ஒருவர் சொன்னார். உள்ளே கூப்பிட்டீர்களா என்று கேட்டதற்கு, “வருவாளா என்று தெரியவில்லை சுவாமி” என்றார்.

வடநெம்மேலியிலிருந்து தெற்கே நெம்மேலி, பட்டிபுலம், சாளுவன்குப்பம் கடந்தால் மாமல்லபுரம். ஆண்டுதோறும் மாசி மகத்தன்று இருளர் குடும்பங்கள் பல மாவட்டங்களிலிருந்தும் இங்குக் கூடுகின்றன. பல்லவர் கோவிலைப் பார்க்க அன்று. கடலோரத்தில் கூடாரம் அடித்துத் தங்கி, தங்கள் கன்னியம்மனை மணலில் வழிபட. பெண் பார்க்க, மாப்பிள்ளை பார்க்க, விடியற்காலையில் அலையோரத்திலேயே திருமணம் முடிக்க. கடற்கோவிலைப் படமெடுக்கும் பயணிகள் அன்று இவர்களையும் படமெடுக்கிறார்கள்.

மாமல்லபுரத்தை ஒட்டியுள்ள பூஞ்சேரியில் இருளரும் நரிக்குறவரும் வாழ்கிறார்கள். 2021 அக்டோபரில், தலசயனப் பெருமாள் கோவில் அன்னதானப் பந்தியிலிருந்து தாம் விரட்டப்பட்டதாக இவ்வூர் நரிக்குறவப் பெண் ஒருவர் குமுறிய காணொளி நாடெங்கும் பரவியது. சில நாளில் அறநிலையத்துறை அமைச்சர் சேகர்பாபு அதே பந்தியில் அவரருகே அமர்ந்து உண்டார். நவம்பர் 4, தீபாவளியன்று, முதலமைச்சர் ஸ்டாலின் பூஞ்சேரிக்கே வந்து மனைப்பட்டாக்களும் சாதிச் சான்றிதழ்களும் வழங்கினார். நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. வதந்தி பரப்பும் அதே கைப்பேசி நியாயமும் பெற்றுத் தரும் என்பதற்கு இஃது ஒரு சான்று, மறுக்கவில்லை. ஆனால் பந்தியில் முன்னிருந்து, அப்பெண் எழுப்பப்பட்டபோது இலையைவிட்டுக் கண்ணெடுக்காதவர்களை எந்தக் காணொளியும் காட்டவில்லை.

பூஞ்சேரியில் இருளர் மூதாட்டி ஒருவர், நாம் எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்று கண்டதும், பேரனின் பள்ளிக்கூட உதவித்தொகைக்கு ஒரு மனு எழுதித் தரச் சொன்னார். சான்றிதழும் முத்திரையும் இன்றி இவர்கள் பிள்ளைகள் படிப்பு நடுவழியில் நின்றுபோவது இன்றும் காணும் காட்சி. வேப்பமரத்து நிழலில் அமர்ந்து எழுதலானோம். பெயர், ஊர், வகுப்பு எல்லாம் எழுதியானபின், தந்தையின் தொழில் என்னும் இடம் வந்தது. நாம் பேனாவை எடுத்துத் தயங்குவதைக் கண்டு அவரே முந்திக்கொண்டார்.

“பாம்பு புடிக்கிறதுன்னு எழுதிடாதே சாமி. எம்மவனுக்குப் பாம்புன்னாலே பயம். பொத்தேரியிலே கட்டட வேலை செய்யுறான். கொத்தனார்னு எழுது.”